வளைவுக்கு வளைவு இறங்கி நடக்கிறோம் என்றார்கள்

பட்டறையை மூடிய பிறகு என்னைப் பார்க்க வருகிற இளம் மெக்கானிக்குகளான உங்களில் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "எத்தனையோ வண்டி பாத்திருப்பீங்க, ரொம்பச் சிரமப்பட்டு சரி பண்ணினது எதுங்க?" சரி பண்ணின வண்டிகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சரியான வண்டி மலை இறங்கிப் போய்விடுகிறது. அதோடு என் மண்டையை விட்டும் போய்விடுகிறது. தங்கியிருப்பது நான் கை விரித்த ஒரு வண்டிதான். அதைச் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் உற்சாகம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உற்சாகம் வேண்டுமென்றால் ஆயில் கம்பெனிக்காரர்கள் நடத்துகிற கூட்டத்துக்குப் போங்கள், பிரியாணியும் போடுவார்கள்.

அருவங்காட்டிலிருந்து குன்னூர் போகிற வழியில் என் பட்டறை இருந்தது. மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மதியம், மாணிக்கம் தன் பழைய பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். கூட அவர் மனைவி சரோஜாவும் வந்திருந்தார். இருவரும் கீழே ஒரு தனியார் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். அவர்களுடைய பெற்றோர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். எஸ்டேட் ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். வேலை போய்விட்டது, வீடு மட்டும் இருந்தது. லைனில் இருந்த பெண்கள் எல்லோரும் கேத்தி பக்கம் கேரட் தோட்டங்களுக்குப் போய்ப் பிழைத்தார்கள். விடியும்போது தோட்டத்தில் நிற்காதவருக்கு அன்று வேலை கிடையாது. முதல் பஸ்ஸோ விடிந்த பிறகுதான் வரும், அதுவும் லைனிலிருந்து வெகு தூரம் மேலே ஏறிப் போய்ப் பிடிக்க வேண்டும். அதனால் மாணிக்கம் வண்டி எடுத்தால்தான் அந்த லைனில் உலை வைக்க முடியும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பஸ் லைன் வரைக்கும் வராது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணா, ஸ்டீயரிங் கொஞ்சம் லூசா இருக்குதுங்க" என்றார் மாணிக்கம். "ரெண்டு பட்டறைல காட்டிட்டேன். முறுக்கி உட்டாங்க. கொஞ்ச நாளைக்கு நல்லா இருக்குது, மறுபடியும் ஆடுதுங்க."

முறுக்கி விட்டார்கள் என்றதுமே எனக்கு எரிச்சல் வந்தது. நம் மலையில் இது ஒரு கெட்ட பழக்கம். வண்டியை எடுக்க வருகிற டிரைவர் உள்ளே ஏறக்கூட மாட்டார். வெளியே நின்றபடி ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்ப்பார். ஆடாமல் இருந்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று கிளம்பிவிடுவார். நாமும் அந்த ஒரு ஆட்டலுக்காகவே ஸ்டீயரிங் திருப்பலைச் சக்கரத்துக்குக் கடத்துகிற பாக்ஸின் தலையில் இருக்கிற திருகை முறுக்கிக் கொடுத்துவிடுகிறோம். எங்கே தேய்ந்திருக்கிறது, எது விட்டிருக்கிறது என்று யாரும் படுத்துப் பார்ப்பதில்லை. நீங்களும் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும். முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு சிறிது தூரம் போய் வந்தேன். நேர் ரோட்டில் ஸ்டீயரிங்கை எவ்வளவோ திருப்பினாலும் வண்டி கேட்கவில்லை. வளைவிலோ நேர்மாறாக இருந்தது. திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை, இரண்டு கையாலும் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. நேரில் லூஸ், வளைவில் முறுக்கிவிட்ட திருகின் இறுக்கம். இந்த வண்டியிலா பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் அந்த எஸ்டேட் ரோட்டில் ஏறி இறங்குகிறார்?

வண்டியைப் பட்டறையின் வேலைக் குழிமேல் நிறுத்தி முதலில் அந்தத் திருகைத் தளர்த்தினேன். பிறகு மாணிக்கத்தை உள்ளே உட்காரவைத்து ஸ்டீயரிங்கை ஆட்டச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சக்கரத்துக்குப் போகிற பால் ஜாயின்ட் எல்லாம் சுமாராக இருந்தன. மேலே ஏறி வந்து மாணிக்கத்தின் கையைக் கவனித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர் கை ஸ்டீயரிங்கைத் தொட்டதுமே, அவருக்கே தெரியாமல், லூஸ் அத்தனையையும் ஒரு பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டது. அதற்குமேல் மெள்ள மெள்ளத்தான் ஆட்டியது. வருஷக்கணக்காக அந்த வண்டியின் குறையைச் சுமந்து பழகிப்போன கை அது. சொந்த வண்டிக்காரரை உட்காரவைத்து இந்தச் சோதனையை ஒருநாளும் செய்யாதீர்கள்.

"அம்மணி, நீ ஏறி உக்காரு" என்றேன் சரோஜாவிடம்.

"எனக்கு என்னங்கண்ணா தெரியும்?"

"தெரியாததுதான் எனக்கு வேணும். ரெண்டு கையிலயும் புடிச்சு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நல்லா ஆட்டு."

வாழ்க்கையில் முதல் முறையாக அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். நான் மறுபடி குழிக்குள் இறங்கினேன். அவர் தயங்காமல் ஆட்டினார். மேலே அவர் கை திரும்பத் திரும்ப, கீழே ஸ்டீயரிங் பாக்ஸ் இருக்கிற இடத்தில் இருக்காமல் முன்னும் பின்னும் போய் வந்தது. பாக்ஸுக்குள் கோளாறு இல்லை. பாக்ஸை மாட்டியிருந்த சேஸ்தான், அதாவது வண்டியின் அடிச்சட்டம்தான் விட்டிருந்தது.

மேலேயிருந்து சரோஜாவின் குரல் கேட்டது. "ஏனுங்க, இது சும்மாவே சுத்துதுங்களே. இத வெச்சுக்கிட்டா எங்களையெல்லாம் ஏத்திட்டுப் போனீங்க?" மாணிக்கம் குனிந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

அந்த இடத்தைச் சுரண்டினேன். சேறு, கிரீஸ், அதற்குக் கீழே ஒரு பழைய வெல்டிங், அதன்மேல் இன்னொரு வெல்டிங், அதையும் சுற்றி வளைத்துக்கொண்டு ஒரு விரிசல். சுத்தியலால் தட்டினால் இரும்புச் சத்தம் வரவில்லை, தகரச் சத்தம் வந்தது. பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. நம் ஊர் ஈரமும் பனியும் அந்த சேஸை உள்ளிருந்து தின்றிருந்தன. துரு எங்கே முடிகிறது என்று பின்னால் தட்டிக்கொண்டே போனேன். முடியவில்லை.

ப்ளேட் வைத்து வெல்டிங் அடிப்பது எனக்குத் தெரியாத வேலையா? ஆனால் தையல் போடுவதற்கு நல்ல சதை வேண்டும். அந்த சேஸில் ப்ளேட்டைப் பிடித்துக்கொள்ள நல்ல இரும்பு கைக்கு அகப்படவில்லை. அடித்தால் பார்வைக்கு ஜோராக இருக்கும். ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஆட்டினால் ஆடாது. என்றைக்காவது ஒரு வளைவில், ஒரு குழியில், பாக்ஸ் கழன்று தொங்கும். அப்புறம் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான்.

மேலே வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "மாணிக்கம், இந்த வண்டி ஓடக்கூடாதுங்க."

அவர் முதலில் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரே ஒரு ப்ளேட்டுங்கண்ணா. தை வரைக்கும் ஓட்டிக்கிறேன். அப்புறம் வேற ஏதாச்சும் பாத்துக்கறேன்."

"புடிக்காதுங்க. புடிச்ச மாதிரி இருக்கும். எப்ப விடும்னு உங்களுக்குச் சொல்லிட்டா விடும்?"

"மெதுவாப் போறேனுங்க."

"மெதுவாப் போனா ரோடு நேராயிருமா?"

"வேற பட்டறைல அடிச்சுத் தருவாங்களேண்ணா."

"தருவாங்க. வண்டி உங்களுது, கொண்டு போங்க. நான் கை வைக்க மாட்டேன்."

இதைச் சொல்கிறபோது எனக்குக் குரல் தடித்துப்போனது. கோபம் அவர்மேல் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் நாம் சத்தம் போடுவது, உள்ளே நமக்கே பயமாக இருப்பதால்தான். மாணிக்கம் வண்டியை எடுக்கவில்லை. சரோஜா ஏற மாட்டேன் என்று ரோட்டில் நின்றுவிட்டார். இருவரும் நடந்தே லைனுக்குப் போனார்கள். அந்த மலைப்பாதை எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலை பட்டறையைத் திறக்க வந்தபோது மூடுபனியில் ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. லைன் பெண்கள். தோளில் பிளாஸ்டிக் சாக்கு, கையில் சோற்றுத் தூக்குப்போசி. வேலைக்குக் கிளம்பிய கோலத்திலேயே வந்திருந்தார்கள். அன்றைய வேலை அவர்களுக்குப் போய்விட்டது என்பதைப் பார்த்ததுமே புரிந்துகொண்டேன். மாணிக்கம் ஓரமாக நின்றார். சரோஜா எல்லோருக்கும் பின்னால் நின்றார்.

அவர்களில் மூத்தவர் ராமாயி. பதினாறு வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி இங்கே வந்தவர் என்று பிறகு தெரிந்தது. அவர்தான் பேசினார்.

"தம்பி, நாங்க கொழுந்துக் கூடையோட மலையேறி எறங்குன ஆளுக. எங்களுக்கு நடக்கிறது ஒண்ணும் பெரிசில்ல. வளைவுக்கு வளைவு எறங்கி நடந்துக்கிறோம். நேர் ரோட்டுல ஏறிக்கிறோம். வளைவுல மாணிக்கம் மட்டும் வண்டியக் கொண்டாந்துரட்டும். நீங்க ஒரு ஒட்டு மட்டும் போட்டுக் குடுங்க. லயத்துல அடுப்பு எரியணும் தம்பி."

அவர்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் மண் சரிந்த இடங்களில் எல்லோரும் இறங்கி நடப்பதும், வண்டியைக் காலியாக ஓட்டிக் கடந்த பிறகு ஏறிக்கொள்வதும் அந்த எஸ்டேட் ரோட்டில் வழக்கம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து யோசித்து, தெரிந்த வழி ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். யாரோ ஒருத்தி எந்தெந்த வளைவில் இறங்குவது என்றுகூடச் சொல்ல ஆரம்பித்தாள்.

மாணிக்கத்தின் முகம் தெளிந்தது. "நல்ல ரோசனைதானுங்களேண்ணா! நான் ஒருத்தன்தானே."

நான் ஒருத்தன்தானே. அதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். அந்தக் கூட்டத்தில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அவர்களைக் குறை சொல்லாதீர்கள். பசி என்று ஒன்று இருக்கிறது. எனக்கே ஒரு நொடி சபலம் தட்டியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரம் இல்லாத வண்டி, மெதுவாகப் போகிற வண்டி, தாங்கினாலும் தாங்கும் என்று மனசு கணக்குப் போட்டது.

அப்போதுதான் சரோஜா முன்னால் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்கெல்லாம் எறங்கிருவீங்கக்கா. நான் எறங்க மாட்டேன். அவரு ஓட்டுனா நானும் உள்ளாறதான் உக்காந்திருப்பேன். நேத்து அத என் கையால புடிச்சுப் பாத்துட்டேன். அதுல ஒண்ணுமே இல்லீங்கக்கா. சும்மா சுத்துது. அண்ணன் ஒட்டுப் போடுறதா இருந்தா எங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் போடட்டும்."

மாணிக்கம் அவரைத் திட்டுவதற்கு வாயெடுத்து, சொல்லை மென்று விழுங்கிவிட்டார். கடைசியில் ராமாயிதான் தலையைக் குனிந்துகொண்டு, "வேணாம் மாணிக்கம். விடு" என்றார். எல்லோரும் தூக்குப்போசிகளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். அந்த நேரத்துக்கு எந்தத் தோட்டத்திலும் வேலை இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். சும்மா நடந்தார்கள்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் உங்களுக்குப் பிடிக்கும். உயிர் பிழைத்தார்கள், மெக்கானிக் உறுதியாக நின்றார் என்று கை தட்டுவீர்கள். மிச்சத்தையும் கேளுங்கள்.

அந்த லைனுக்கு வேறு வண்டி வரவில்லை. இரண்டொரு ஜீப்காரர்களிடம் நானே கேட்டுப் பார்த்தேன், அந்த ரோட்டுக்கு வர முடியாது என்றார்கள். பெண்கள் கொஞ்ச நாள் இருட்டிலேயே எழுந்து நடந்து பார்த்தார்கள். கேரட் தோட்டக்காரர்கள் காத்திருப்பார்களா? பக்கத்திலேயே ஆட்களைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு குடும்பமாக லைனைக் காலி செய்தது. ராமாயி மகள் வீட்டுக்குப் போய், அங்கே இருக்கப் பிடிக்காமல் திரும்பி வந்து, ஆளில்லாத லைனில் தனியாக இருந்து, ஒரு குளிர்காலத்தில் செத்துப்போனார். எஸ்டேட் மூடாத லைனை மெக்கானிக் மூடிவிட்டான் என்று டீக்கடையில் யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மாணிக்கத்துக்காவது ஒரு வழி செய்யலாம் என்று நினைத்தேன். மேட்டுப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த காய்கறி வியாபாரி ஒருவர் புது பிக்கப் வாங்கியிருந்தார், டிரைவர் தேடிக்கொண்டிருந்தார். சொல்லி அனுப்பினேன். ஓட்டிக் காட்டச் சொல்லி வியாபாரி பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். புது ஸ்டீயரிங், விரல் அசைத்தாலே வண்டி கேட்கும். மாணிக்கத்தின் கைகளோ பழைய வண்டியின் லூஸை இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓட்டின. நேர் ரோட்டில் வண்டி இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக அலைந்திருக்கிறது. வியாபாரி பயந்துபோய் நிறுத்தச் சொல்லிவிட்டு எனக்குப் போன் செய்தார். "ஏனுங்க, காலங்காத்தாலயே தண்ணி போட்டவர அனுப்பி வெச்சிருக்கீங்க?"

மாணிக்கம் குடிக்கிறவர் இல்லை. அன்று சாயங்காலம் பட்டறைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்கண்ணா" என்றார். நாலு நாள் ஓட்டினால் பழகிவிடும், இன்னொரு இடத்தில் கேட்கலாம் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் இருவரும் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். மாணிக்கம் பண்டல் தூக்குகிறார், சரோஜா துணியில் நூல் பிசிறு வெட்டுகிறார். அதற்குப் பிறகு மாணிக்கம் எந்த வண்டியின் ஸ்டீயரிங்கையும் தொடவில்லை.

பிக்கப் மட்டும் என் பட்டறைக்குப் பின்னால் நின்றது. பாசி பிடித்தது. பட்டறையை மூட வேண்டி வந்தபோது மாணிக்கத்தை வரவழைத்து, அவர் சம்மதத்தோடு காயலான் கடைக்காரரிடம் வண்டியைக் கொடுத்தேன். தூக்குவதற்குக் கிரேன் வந்தது. வேறு இடம் வாகாக அமையாததால், ஸ்டீயரிங் பாக்ஸ் இருந்த இடத்தை ஒட்டியே சேஸில் சங்கிலியைச் சுற்றினார்கள்.

"அங்க மாட்டாதீங்க, ஒடஞ்சு கீழ உழுந்துரும்" என்று கத்தினேன். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். மாணிக்கத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

கிரேன் தூக்கியது. முன்பக்கத்து பாரம் முழுவதும் அந்த இடத்தில்தான் தொங்கியது. கிறீச்சென்று சத்தம் வந்தது, துரு பொலபொலவென்று கொட்டியது. வண்டி ஒருமுறை ஆடியது. அது உடையவில்லை. அப்படியே சுற்றிக் கொண்டுபோய் லாரிமேல் இறக்கினார்கள். அப்போதும் உடையவில்லை.

சங்கிலியில் நேராகத் தொங்குவது வேறு, பாரத்தோடு வளைவில் முறுக்குவது வேறு. இது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் சொன்னது அன்றும் சரி, இன்றும் சரி. ஆனால் ஒரு லைனே காலியான பிறகு, அந்த மனிதர் முன்னால் நின்றுகொண்டு இந்தப் பாடத்தை எந்த வாயால் நடத்துவது? நாம் தடுத்த விபத்து நடக்காமலே போய்விடுகிறது, அதனால் அதற்குச் சாட்சி சொல்ல யாரும் வருவதில்லை. தடுத்ததால் வந்த கஷ்டம் மட்டும் கண்ணெதிரே வந்து நிற்கிறது. இந்தத் தொழிலில் இருக்கப் போகிறீர்கள் என்றால் இதைத் தாங்கிக்கொள்ளுங்கள். எப்படித் தாங்குவது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

மாணிக்கம் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். சட்டையைப் பிடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"தாங்கிருச்சுங்களேண்ணா" என்றார்.

"ஆமாங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "சரோஜாகிட்ட இதச் சொல்லிராதீங்கண்ணா. அவளுக்கு இன்னிக்கு லீவு குடுக்கல, அதான் வரல. ராத்திரி உங்களுக்குப் போன் பண்ணிக் கேப்பா. ராமாயிக்கா செத்ததுலருந்து தெனம் அதையேதான் சொல்லிப் பொலம்பீட்டு இருக்கா. நான் அன்னிக்கு வாயத் தொறக்காம இருந்திருந்தா லைன் இருந்திருக்கும்ங்கறா. தூக்குன ஒடனே ஒடஞ்சிருச்சுன்னு சொல்லீருங்க. நாஞ் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா."

அவர் சொன்னபடியே சரோஜா கூப்பிட்டார். பின்னால் மிஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

"வண்டி என்னங்கண்ணா ஆச்சு?"

"தூக்குனதும் ஒடஞ்சிருச்சு அம்மணி. நான் காட்டுன அதே எடத்துல."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"அப்ப நான் சொன்னது சரிதானுங்களேண்ணா?"

"சரிதான் அம்மணி" என்றேன்.